தோய்க்கக்கூடிய கதிரை மெத்தை

சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு மெத்தை தைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் துணிக்கடையில்தான் தொடங்குவார்கள். பூப்போட்டதா, கோடு போட்டதா, யன்னல் சீலைக்குப் பொருந்துமா என்று பார்ப்பதிலேயே அரைநாள் போய்விடும். நான் சொல்வது கிணற்றடியில் தொடங்குங்கள் என்று. இந்த மெத்தையை யார் தோய்க்கப் போகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருதரம், எந்தத் தண்ணீரில், எங்கே காயப்போடுவார்கள்? இதற்கெல்லாம் விடை தெரிந்துவிட்டால் துணி, பஞ்சு, தையல், நாடா எல்லாம் அரைவாசி முடிவானது போலத்தான்.

எங்கள் சாப்பாட்டு மேசையை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். மஞ்சள் போட்ட சொதி, எண்ணெய் மிதக்கும் நண்டுக் கறி, கரண்டியில் இருந்து ஒழுகும் ஒடியல் கூழ். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் முற்றத்துச் செம்மண்ணோடு பிள்ளைகள் ஓடிவந்து ஏறி இருப்பார்கள். சோளகக் காற்றுக் காலத்தில் காலையில் துடைத்த கதிரையில் மத்தியானம் புழுதி படிந்திருக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் றெக்சீன் இருக்கை தொடையோடு ஒட்டும். ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை எந்தத் துணியும் ஒழுங்காகக் காயாது. இவ்வளவுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டிய ஒன்றைக் கதிரையோடு ஆணி அடித்து வைப்பதில் பொருள் இல்லை. கதிரை மெத்தையைத் தளபாடமாக நினைக்க வேண்டாம், உடுப்பாக நினையுங்கள். உடுப்பென்றால் கழற்ற வேண்டும், தோய்க்க வேண்டும், ஒரு வெயிலில் காய வேண்டும்.

நிலத்தில் இருந்து சாப்பிட்ட காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. பனையோலைத் தடுக்கைப் போட்டு இருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் துடைத்துத் தட்டிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். மெல்லியது, காற்றுப் போவது, ஒரு கையால் எடுத்து அப்பால் வைக்கக்கூடியது. இதே குணங்கள் கதிரை மெத்தைக்கும் வேண்டும். கடையில் இரண்டு அங்குலத் தடிப்பு ஸ்பொஞ்சைப் பளபளக்கும் துணியில் மூடி விற்கிறார்களே, அதில் இவற்றில் ஒன்றும் கிடையாது. தண்ணீரில் போட்டால் ஸ்பொஞ் குடித்த தண்ணீரை விடாது. விட்டாலும் உள்ளே ஈரம் நின்று புளித்த மணம் வரும்.

உள்ளே எதை வைப்பது

மேல் துணி, கீழ்த் துணி, நடுவில் ஏதாவது ஒரு மென்மை. இந்த மூன்றையும் ஊடே தைத்து ஒன்றாக்குவதைத்தான் குயில்ட் தையல் என்கிறோம். குளிர் நாட்டில் அப்படித் தைத்த போர்வை உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்க உதவுகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் அப்படிப்பட்ட போர்வையில்லாமல் பனிக்காலம் கழியாத நியூ இங்கிலாந்துப் பக்கத்தவர்கள். அந்த மிசனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்து, வாசிப்போடு தையலும் பாடமாக இருந்தது. தையல் இங்கே வேரூன்றியது, போர்வை வேரூன்றவில்லை. மார்கழிப் பனிக்கும் ஒரு பருத்திப் போர்வை போதும் என்ற ஊரில் அதற்கு என்ன தேவை? ஆனால் ஊடுதையலால் இன்னொரு பயன் இருக்கிறது, கதிரைக்கு வேண்டியது அதுதான்: உள்ளே வைத்தது தோய்க்கும்போது ஒரு மூலைக்கு ஓடித் திரளாமல் தையல் பிடித்து வைக்கும்.

இலவம் பஞ்சு வீட்டு மரத்திலேயே கிடைக்கிறது என்று அதை எடுக்க ஆசை வரும். தலையணைக்கு அதைவிட நல்லது இல்லை. கதிரை மெத்தைக்கு நான் மறிப்பேன். இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது, மெழுகுப் பூச்சுள்ளது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. மெசினில் ஊசி இறங்கும் ஒவ்வொரு துளையாலும் தும்புதும்பாக வெளியே வரும். தைத்து முடிப்பதற்குள் மூக்கு நிறைந்துவிடும். தோய்த்தால் கட்டிபட்டுவிடும், உதறினாலும் பிரியாது. கட்டாயம் இலவம் பஞ்சுதான் வேண்டுமென்றால் நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை தைத்து அடைத்து, மெத்தை கட்டுகிறவர்கள் செய்வதுபோல நீள ஊசியால் ஐந்து இடத்தில் குத்தி இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதன் மேல் கழற்றக்கூடிய வெளியுறை. உள்ளுறை வெயிலுக்கு மட்டும் போகும், தண்ணீருக்குப் போகாது.

தாளாக வரும் பொலியெஸ்ரர் பஞ்சு தோய்ப்பதற்குப் பயமில்லாதது, சீக்கிரம் காயும். குறை, நாலு மாதம் இருந்து எழும்பினால் சப்பளிந்துவிடும், வெக்கையையும் கொஞ்சம் பிடிக்கும். பிள்ளைகள் பயன்படுத்தும் கதிரைக்கு அது போதும்.

எனக்குப் பிடித்தது பழைய நூல் சேலை. பலமுறை தோய்த்து மெதுமையாகிவிட்ட பருத்திச் சேலை இனிச் சுருங்காது, சாயம் விடாது, வியர்வையை உறிஞ்சும், அடுக்கி வைத்தால் தானே மெத்தை. வங்காளத்துக் காந்தா இதே வேலைதான்: பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி நூலோடித் தைப்பது. அதற்கு வேண்டிய நிற நூலைக்கூடப் பழைய சேலைக் கரையில் இருந்துதான் உருவி எடுத்தார்கள். அடுக்குச் சேலை மெத்தை ஸ்பொஞ்போல அமுங்காது. தடுக்குப்போல உறுதியாக இருக்கும். சாப்பாட்டுக் கதிரைக்கு அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அமுங்குகிற இருக்கையில் இருந்தால் மேசை நெஞ்சுக்கு வந்துவிடும். கதிரைக்கும் மேசைக்கும் இடையில் தச்சர் கணக்குப் பார்த்து விட்ட உயரத்தை இரண்டு அங்குல மெத்தை கெடுத்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இரண்டு சேலை, ஆறு கதிரை

ஒரு கணக்கு. சாதாரணமான ஒரு கதிரையின் இருக்கை முன்பக்கம் 17 அங்குலம், பின்பக்கம் 15, ஆழம் 16 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். ஊடுதைக்கும்போது துணி அரை அங்குலம் வரை உள்ளே இழுபடும், பிறகு ஓரம் சீர்படுத்தவும் இடம் வேண்டும். சேலை ஐந்தரை மீற்றர் நீளம், 45 அங்குல அகலம். நீளத்தில் பத்து, அகலத்தில் இரண்டு, ஆக ஒரு சேலையில் 20 சதுரம். இரண்டு சேலையில் 40. ஒரு கதிரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நாலு என்று ஆறு அடுக்குப் போட்டால் ஆறு கதிரைக்கும் 36 போதும். மிச்சம் நாலும் நைந்த துண்டுகளுக்கு ஈடு.

நைந்ததைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சதுரத்தையும் யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு சீராக இருக்கும் இடம் ஒரே மங்கலாகத் தெரியும். நைந்த இடத்தில் வெளிச்சம் கீற்றுக்கீற்றாக வரும். கொசுவம் செருகிய பகுதியும், நிலத்தில் இழுபட்ட கரையோரமும் முதலில் போகும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் புதிதுபோல இருக்கும். உறுதியானதை மேலுக்கும் கீழுக்கும் எடுங்கள், நைந்ததை நடுவில் வையுங்கள். இழுத்துப் பார்க்கும்போது கிழிகிற சத்தம் வந்தால் அதை எறிந்துவிடலாம்.

சதுரங்களை ஒரு பக்கக் கரையை ஒட்டி வெட்டினால் மற்றப் பக்கத்தில் 5 அங்குல அகலத்துக்குக் கரையோடு ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அதை இரண்டரை அங்குலப் பட்டிகளாக இரண்டாய்க் கிழித்தால் ஒரு சேலைக்கு 432 அங்குலம், இரண்டு சேலைக்கு 864. ஒரு கதிரை மெத்தையின் சுற்றளவும் ஒட்டுப்போடும் இடமும் சேர்த்து 74 அங்குலம், ஆறுக்கு 444. கட்டும் நாடாவுக்கு ஒரு கதிரைக்கு 48, ஆறுக்கு 288. மொத்தம் 732. ஆகவே விளிம்புப் பட்டிக்கும் நாடாவுக்கும் தனியாகத் துணி வாங்கத் தேவையில்லை. சரிகைக் கரை என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சரிகை தொடையை உராயும், நாலு தோய்ச்சலில் இழை பிரியும்.

புதுத் துணி வாங்கித் தைப்பவர்களுக்கு 45 அங்குல அகலத்தில் ஆறு கதிரைக்கு மேலுக்கு ஒன்றேமுக்கால் மீற்றர், கீழுக்கு ஒன்றேமுக்கால், பட்டிக்கும் நாடாவுக்கும் ஒன்றேகால் மீற்றர் பிடிக்கும். பஞ்சுத்தாளின் அகலம் கடைக்குக் கடை வேறுபடும். 60 அங்குல அகலமானால் ஒன்றேகால் மீற்றர் எடுத்தால் சரி. வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு ஊறவிட்டுத் தோய்த்துக் காயவைத்து மினுக்கிவிடுங்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்கக்கூடாது. பருத்தி முதல் தோய்ச்சலில் சுருங்கும், பொலியெஸ்ரர் பஞ்சு சுருங்காது. தைத்த பிறகு சுருங்கினால் மெத்தை முழுக்கச் சுருக்கம் விழும், மினுக்கியும் எடுக்க முடியாது. சிவப்பு, கருநீலம், மரூன் என்றால் நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைக் கீழ்ப்பக்கத்துக்குக்கூட எடுக்கவேண்டாம். விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் அது எழுதிவிடும்.

அளவு எடுத்தல்

பழைய உதயன் பத்திரிகைத் தாள் ஒன்றை இருக்கையில் விரியுங்கள். உள்ளங்கையால் நடுவில் அமத்திக்கொண்டு விரல் நகத்தால் ஓரம் முழுவதும் கீறிக்கொண்டு போனால் தாளில் மடிப்புக் கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். பின்னால் இரண்டு முதுகுக் கால்கள் வரும் இடத்தில் தாளைச் சிறிது சிறிதாக நறுக்கிப் பொருத்துங்கள். பிறகு தாளை இரண்டாக மடித்து இடமும் வலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அநேகமாகக் கதிரைதான் கோணலாக இருக்கும். தாளில் முன், மேல், கதிரை நம்பர் மூன்றையும் எழுதுங்கள். கதிரையின் கீழும் அதே நம்பரைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். முதிரையிலோ வேம்பிலோ ஊரில் செய்வித்த கதிரைகள் ஆறும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு தச்சரிடம் இதைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடை இதுதான்: “கை வேலையெல்லோ அக்கா, நூலுக்கு நூல் வராது.” ஒரு கதிரைக்கு எடுத்த அளவை ஆறுக்கும் வைத்து வெட்டினால் இரண்டு மெத்தை தொங்கும், ஒன்று சுருண்டு நிற்கும்.

முதுகுக் கால் வரும் மூலையை ‘ட’ வடிவத்தில் வெட்டச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லித் தருவார்கள். நான் வேண்டாம் என்பேன். உள்மூலையில் பட்டி பிடிப்பது பழகின கைக்கே சிரமம்; தோய்க்கத் தோய்க்க அந்த மூலையில்தான் முதலில் பிரியும். அதற்குப் பதிலாக மூலையைச் சரிவாக ஒரே நேர்கோட்டில் சீவிவிடுங்கள். கால் தடிப்பைவிட அரை அங்குலம் கூடுதலாகச் சீவினால் போதும். மெத்தை ஆறு பக்கமுள்ள வடிவமாகிவிடும், எல்லாப் பக்கமும் நேர்கோடு. நேர் இழையில் கிழித்த கரைப் பட்டியே அதற்குப் போதும். மூலைவாட்டில் பட்டி வெட்டி ஒட்டுப்போடும் வேலை மிச்சம். முன்மூலையை வளைவாக வைக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் மூலைவாட்டுப் பட்டி தேவை.

ஊடுதைத்தல்

சீமெந்து நிலத்தைத் துடைத்துவிட்டு, கீழ்த் துணியின் நல்ல பக்கம் நிலத்தைப் பார்க்க விரித்து, நாலு மூலையிலும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டக்கூடாது, சுருக்கம் இல்லாமல் கிடந்தால் போதும். அதன் மேல் நடு அடுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு உள்ளங்கையால் நடுவில் இருந்து வெளியே தடவிவிடுங்கள். கடைசியாக மேல் துணி. இனிக் கையூசியில் வேறு நிற நூல் கோத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு வரியாக, ஓர் அங்குல நீளத் தையலில் எல்லா அடுக்கையும் சேர்த்துப் பெருந்தையல் போடுங்கள். முதல் வரி நடுவில் வரட்டும், பிறகு இரு பக்கமும். இதற்கு ஒரு மெத்தைக்கு இருபது நிமிடம் போகும் என்று அலுத்துக்கொள்வார்கள். குண்டூசி குத்தித் தைத்தால் ஆறு அடுக்கும் ஆறு திசையில் நழுவும். பிரித்துத் தைக்க அதைவிட நேரம் போகும்.

மெசின் எதுவானாலும் பரவாயில்லை. சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. வீட்டில் மூலையில் கிடக்கும் அம்மம்மாவின் கால் மெசின்தான் இந்த வேலைக்கு உண்மையில் நல்லது. நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெசின் தடித்த அடுக்கைச் சலிக்காமல் குத்தும், காலால் மிதிப்பதால் வேகமும் உங்கள் கட்டுக்குள் இருக்கும். ஊசி 14ஆம் நம்பர். அடுக்கு கனத்தால் 16. தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு. அதற்கு மேல் நெருக்கினால் பழைய சேலை ஊசித் துளை வரிசையில் கிழியும். பாதத்தின் அழுத்தத்தை மேலே இருக்கும் திருகைத் தளர்த்திக் குறைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மேல் துணியைப் பாதம் முன்னே தள்ளிக்கொண்டு போகும், வரி முடியும் இடத்தில் ஒரு சுருக்கம் எழும்பி நிற்கும்.

கோடுகளைத் தையல் சோக்கால் ஒன்றரை அங்குல இடைவெளியில் போடுங்கள். பொலியெஸ்ரர் பஞ்சானால் இரண்டு, இரண்டரை அங்குலம் விடலாம். முதலில் நடுக்கோடு. பிறகு வலப்பக்கம் எல்லாம், அடுத்து இடப்பக்கம் எல்லாம். ஒவ்வொரு கோட்டையும் ஒரே திசையில், மேலிருந்து கீழாகவே தையுங்கள். நூலை வெட்டாமல் திரும்பி வரலாமே என்று ஒரு கோடு போக, ஒரு கோடு வர என்று தைத்தால் இரண்டு கோட்டுக்கும் இடையில் துணி சரிவாக முறுகும். பிறகு குறுக்குக் கோடுகள். நேர்ச்சதுரமாகத் தைப்பதை விடச் கோடுகள் சரிவாகக் குறுக்கிட வைர வடிவமாகத் தைத்தால் துணி கொஞ்சம் நெகிழ்ந்து இருக்கையோடு பொருந்தும், கோடு சற்றுப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

மெசின் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். கையால் நூலோடித் தைத்த மெத்தையில் மெசின் தையலில் இல்லாத ஒரு மெதுமை உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்ற போர்வையைத் தைக்கும் முறை இதற்குப் பார்க்கத்தக்கது. ஆப்பிரிக்க வழி வந்த அந்தப் பெண்கள் நடுவில் தொடங்குவதில்லை. விளிம்பில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி நூலோடிக்கொண்டே உள்ளே போகிறார்கள். விளிம்பு முதலே முடிந்துவிடுவதால் தனியாகப் பட்டி பிடிக்கும் வேலை இல்லை. எங்கள் கதிரை மெத்தைக்கும் இப்படிச் செய்யலாம்: மேல் துணி, கீழ்த் துணி இரண்டின் ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, நடு அடுக்கை அதற்குள் செருகி, விளிம்பில் இருந்து விரலகலத்துக்கு ஒரு சுற்றாகத் தைத்துக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். இந்த முறையில் அளவுத்தாளின்படி முதலே வெட்டிவிட வேண்டும், சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து கதைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை இது.

விளிம்பும் நாடாவும்

மெசினில் ஊடுதைத்தவர்கள் இப்போது அளவுத்தாளை மேலே வைத்து வெட்டுங்கள். சேலையின் மற்றக் கரை சதுரத்தோடு வந்திருந்தால், அது மெத்தையின் முன்விளிம்பில் வருமாறு தாளை நகர்த்தி வையுங்கள். மேசைக்குக் கீழ் இருந்து கரை மட்டும் எட்டிப்பார்ப்பது அழகு. வெட்டியவுடன் ஓரத்தில் இருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிவர ஒரு தையல் போட்டுவிடுங்கள், அடுக்குகள் பிரியாது.

நாடாவை முதலில் செய்து வையுங்கள். பட்டியில் 24 அங்குலம் வெட்டி, இரு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மீண்டும் இரண்டாக மடித்து ஓரத்தில் தைத்தால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய அகலத்தில் நாடா வரும். ஒரு கதிரைக்கு இரண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, அந்த மடிப்பைச் சீவிய மூலையின் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக வைத்துப் பிடிதையல் போடுங்கள். காலைச் சுற்றி இரு முனையும் பின்னால் போய்ச் சுருக்கு முடிச்சாகும். வெல்க்ரோ வைக்கலாமே என்பார்கள். அது தலைமயிரையும் தும்பையும் பிடித்து ஒரு வருடத்தில் ஒட்டும் சக்தியை இழந்துவிடும், சேலைத் துணியையும் கீறும். பொத்தான் துவைகல்லில் உடையும். நாடா போதும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து மினுக்கி, வெட்டிய ஓரங்கள் மூன்றும் ஒன்றாக வரும்படி மேல் பக்கத்தில் வைத்து, எட்டில் மூன்று பங்கு அங்குலம் உள்ளே தைத்துக்கொண்டு போங்கள். மூலை வருவதற்கு அதே அளவு முன்னால் நிறுத்தி, பின்தையல் போட்டு நூலை வெட்டுங்கள். பட்டியை நேரே மேலே திருப்பி, பிறகு அடுத்த பக்கத்தோடு ஒட்டிக் கீழே மடித்து, விளிம்பில் இருந்தே மீண்டும் தொடங்குங்கள். திருப்பும்போது மூலையில் ஒரு சின்ன மடிப்பு தானாக விழும். சீவிய மூலைகளில் மடிப்பு இன்னும் சிறியதாக இருக்கும், முறை அதேதான். நாடா இருக்கும் இடத்தைக் கடக்கும்போது முன்னும் பின்னுமாக மூன்று தரம் தையுங்கள். குழந்தை ஒன்று கதிரையை நாடாவில் பிடித்து இழுக்கும் நாள் வரும். கடைசியில் பட்டியைக் கீழ்ப்பக்கம் மடித்துக் கையால் தைத்து முடியுங்கள். இதையும் மெசினில் தைக்கலாம், ஆனால் பின்னர் பட்டி மாற்ற வேண்டி வரும்போது கைத்தையல்தான் லேசாகப் பிரியும்.

கதிரைக்குக் கதிரை

மேலே சொன்னது பலகை இருக்கைக்கு. பிரம்பு பின்னிய பழைய கதிரை வீட்டில் இருந்தால், ஒல்லாந்தர் காலத்தில் இருந்து இந்தத் தீவில் புழங்கும் அந்த வகைக்கு, தடித்த மெத்தை போடாதீர்கள். பிரம்பின் சிறப்பே கீழிருந்து காற்று வருவது. அடுக்கை நாலாகக் குறையுங்கள். மெத்தை போட்டதும் பிரம்பு தொய்ந்திருப்பது கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், தோய்க்க எடுக்கும்போதெல்லாம் கீழே குனிந்து ஒரு பார்வை பாருங்கள். தொய்ந்திருந்தால் நனைத்த துணியைக் கீழ்ப்பக்கத்தில் வைத்து ஈரமாக்கிக் காயவிட்டால் பிரம்பு இறுகும். இழை அறுந்திருந்தால் பின்னுகிறவரிடம் காட்டும்வரை யாரும் இருக்க வேண்டாம்.

கடையில் வாங்கிய கதிரைகளில் ஸ்பொஞ் இருக்கை தனியாகக் கழன்று வரும். கவிழ்த்துப் பார்த்தால் மூலைகளில் திருகாணிகள் தெரியும். இதற்கு நாடா வைத்த மெத்தை வழுக்கும். ஊடுதைத்த துணியைச் சுற்றிவர நாலு அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தை மடித்துக் குழாய்போலத் தைத்து, உள்ளே கயிறு செலுத்திச் சுருக்குப்பைபோல இழுத்துக் கட்டும் உறையாகச் செய்யுங்கள். இலாஸ்ரிக் வேண்டாம், இங்கே உள்ள வெக்கையில் அது இளகிவிடும். இந்த உறைக்கு நடு அடுக்கு ஒன்றே போதும், கீழே ஏற்கெனவே ஸ்பொஞ் இருக்கிறது.

பிளாஸ்ரிக் கதிரைக்கும் மெத்தை கேட்கிறார்கள். முதுகில் கீற்றுத் துளை இருந்தால் நாடாவை அதனூடே விட்டுக் கட்டலாம். முன்பக்கம்தான் நழுவும், அதற்குக் கீழ்ப்பக்கத்தின் முன்மூலைகளில் வழுக்காத றப்பர் வலைத் துண்டு இரண்டு தைத்துவிடுங்கள். வயதானவர்கள் கதிரையின் நுனியில் கை ஊன்றி எழும்புவார்கள். “பிள்ளை, இது வழுக்குது” என்று ஒருதரம் சொன்னால் அந்த மெத்தையை உடனே எடுத்துவிட வேண்டும்; அழகுக்காக இடுப்பு எலும்பைப் பந்தயம் வைக்க முடியாது.

பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மென்மை வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்தில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துணித் துண்டுகள் நாலு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வைத்துப் பட்டிக்குள் சேர்த்துத் தைத்தால் தலையணை உறைபோல வாய் கிடைக்கும். அதற்குள் ஓர் அங்குல ஸ்பொஞ். தோய்க்கும்போது ஸ்பொஞ்சை உருவி நிழலில் வைத்துவிட்டு உறையை மட்டும் தோயுங்கள்.

தோய்ச்சல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை குறையும், சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் துணிக்குள் தங்கும். ஆறடுக்குத் துணியில் அது போகவே போகாது, மெத்தை அட்டைபோல விறைக்கும். சலவைத் தூள் பாவியுங்கள், கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட வேறொன்றும் வேண்டாம். போரின்போது சவர்க்காரம் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது பலருக்கு நினைவிருக்கும். அழுக்கு நன்றாகத்தான் போனது. ஆனால் அந்த மணம் பிடித்த துணியைக் கொடியில் போட்டால் மாடு வந்து சப்பும், ஆகவே இன்று அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டவுடன் இரத்தம்போலச் சிவக்கும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. அலசினால் மஞ்சளுக்கே திரும்பிவிடும். பிறகு கறை உள்ள பக்கம் மேலே தெரிய ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும். மற்ற நாட்களில் மெத்தையைக் கவிழ்த்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் சேலையின் நிறமும் அதேபோல வெளுக்கும். நண்டுக் கறி எண்ணெய்க்குக் காய்ந்த மாவைத் தூவி ஊறவிட்டுத் தட்டிவிட்டுத் தோயுங்கள். நண்டுக் கறி வைக்கும் நாளில் மெத்தைகளை முதலே கழற்றி வைத்துவிடுவது அதைவிட நல்லது.

கஞ்சி போடும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். கஞ்சி வாசத்துக்குக் கரப்பான் வரும், துணியையும் அரிக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் எல்லா மெத்தையையும் கழற்றி, நன்றாகக் காய்ந்த நாளொன்றில் அலுமாரியில் வைத்து, தை பிறந்த பின் எடுக்கலாம். மழைக்காலத்திலும் வேண்டும் என்பவர்கள் இரண்டு சோடி தைத்து மாறிமாறிப் போட வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்காகப் புதுச் சோடி தைக்க நினைத்தால் வைகாசியிலேயே தொடங்குங்கள். ஆறு மெத்தை ஒரு வாரத்தில் முடியாது.

மெத்தையில் முதலில் நைவது முன்விளிம்புப் பட்டி, தொடை உராயும் இடம். முழு மெத்தையையும் எறிய வேண்டியதில்லை. முன்பக்கத்துக் கைத்தையலை மூலையில் இருந்து மூலை வரை பிரித்து, பழைய பட்டியின் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சம் வைத்திருக்கும் கரைத் துண்டில் 19 அங்குலம் வெட்டி, இரு முனையையும் ஓர் அங்குலம் உள்ளே மடித்து அதே வழியில் பிடித்துவிடுங்கள். அதற்காகத்தான் கணக்கில் மிஞ்சிய 132 அங்குலத்தையும் எறியாமல் தையல் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும்.